ஊட்டிக் குளிரில் துணிப் பொம்மைகளை எப்படிப் பாதுகாப்பது?

தனிக் கலைஞர்களிடம் வாங்கிச் சேர்த்த பொம்மைகளில் ஆடி மாதமானால் சாம்பல் புள்ளி விழுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அது பூஞ்சை. காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றால் துணியில் வளரத் தொடங்கிவிடும். நம் ஊரில் ஜூன் முதல் செப்டம்பர் வரை அதுதான் நிலைமை.

வாங்கும்போதே உள்ளே என்ன அடைத்திருக்கிறது என்று கேளுங்கள். பருத்திப் பஞ்சு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் பஞ்சு அவ்வளவாக உறிஞ்சாது. அதற்காகப் பருத்தி அடைத்ததை ஒதுக்க வேண்டாம். கையில் எடுத்தால் வரும் அந்தக் கனம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

பாலிதீன் பையில் கட்டி வைக்காதீர்கள், ஈரம் உள்ளேயே தங்கிவிடும். கஞ்சி போகத் துவைத்த பழைய வேட்டித் துணியில் சுற்றுங்கள். கஞ்சி இருந்தால் ராமபாணப் பூச்சி தேடி வரும். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம், அங்கேதான் குளிர்ந்து வியர்க்கும். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை உள்ளே வைத்து, அவ்வப்போது மாற்றுங்கள்.

புள்ளி விழுந்துவிட்டால் முதலில் நன்றாகக் காயவிட்டு, வீட்டுக்கு வெளியே வைத்து, மென்மையான தூரிகையால் தட்டுங்கள். ஈரத்தோடு தேய்த்தால் கறை உள்ளே இறங்கும். வெயிலில் நாள்முழுக்க வைத்தால் சாயம் வெளுக்கும். நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் பூவேலைத் துணியை உடுத்திய பொம்மை என்றால் கூடுதல் கவனம் தேவை. அந்தச் சிவப்பு நூல் வெள்ளைத் துணியில் சாயம் விடலாம். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற வேலை அது, இழை எண்ணித் தைப்பது.

அப்புறம், செய்தவர் பெயரையும் ஆண்டையும் சீட்டில் எழுதிப் பொம்மையோடு வையுங்கள்.