ஒரே சுவர், ஒரே பீலி: அயலவர் உறவு பற்றிய கேள்வி பதில்

நான் இலங்கை மலையகத் தோட்டமொன்றில், தொழிலாளருக்காகக் காம்பரா என்னும் அறைகளை வரிசையாகச் சேர்த்துக் கட்டிய லயத்தில் பிறந்து வளர்ந்து, தோட்டப் பாடசாலைகளில் 30 வருடங்களுக்கு மேல் படிப்பித்து ஓய்வு பெற்றவள். அதன் பின் சில வருடங்கள் மத்தியஸ்த சபையில் மத்தியஸ்தராகவும் இருந்தேன். அங்கே எங்கள் முன் வந்த பிணக்குகளில் பெரும்பகுதி அடுத்தடுத்த வீட்டாருக்கு இடையிலானவை. அந்த அனுபவத்தை வைத்து, வந்த கேள்விகளுக்கு என்னால் இயன்ற வரை பதில் தருகிறேன்.

தலவாக்கலையிலிருந்து ஒரு தாய்: டீச்சர், என் மகன் இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறான். பக்கத்துக் காம்பராவில் இரவு 11 மணி வரை தொலைக்காட்சி அலறுகிறது. சொன்னால் சண்டை வருமோ என்று பயமாக இருக்கிறது.

பழைய லயங்கள் பலவற்றில் இடைச்சுவர் கூரை வரை எழுவதில்லை. முகட்டுக்குக் கீழே திறந்துதான் கிடக்கும். ஆகையால் அவர்கள் வீட்டுச் சத்தம் உங்களுக்குக் கேட்பது போலவே உங்கள் வீட்டு இருமலும் ஏச்சும் அவர்களுக்குக் கேட்கின்றன. இதை மனதில் வைத்துக்கொண்டு பேசப் போங்கள். எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் பீலியடியிலோ, கொழுந்து நிறுக்கும் இடத்திலோ, நாலு பேர் காதில் விழும்படி சொல்ல வேண்டாம். அங்கே சொன்னால் அது வேண்டுகோளாக இராது, குற்றச்சாட்டாகிவிடும். ஒரு ஞாயிறு பின்னேரம் மகனையும் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டு முன் திண்ணையான இஸ்தோப்பில் போய் உட்காருங்கள். பரீட்சை முடியும் நாள் வரை, இரவு 8 மணிக்குப் பின் சத்தத்தைக் குறைத்துத் தரும்படி நாளையும் நேரத்தையும் குறிப்பிட்டுக் கேளுங்கள். எல்லை தெரிந்த உதவியை மறுப்பவர்கள் குறைவு. அந்தப் பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துச் சோறூட்டிய கைகளில் அந்த வீட்டு அக்காவின் கையும் ஒன்றாக இருக்கும் என்பதை நீங்களும் மறக்க வேண்டாம்.

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி பாவிப்பதைக் கட்டுப்படுத்தி உயர் நீதிமன்றம் 2007இல் கட்டளையிட்டதைச் சிலர் இப்படியான வேளையில் எடுத்துக் காட்டுவார்கள். வீட்டுத் தொலைக்காட்சிக்காக அதைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

மஸ்கெலியாவிலிருந்து ஒருவர்: ஊற்றிலிருந்து வரும் குழாயை மேட்டு லயத்தார் மாசி, பங்குனி மாதங்களில் தங்கள் பக்கம் திருப்பிவிடுகிறார்கள். கீழே பணிய லயத்தில் நாங்கள் நடுச்சாமத்தில் வாளியுடன் காத்திருக்கிறோம். இருமுறை கைகலப்பும் நடந்துவிட்டது.

தண்ணீர்ப் பிணக்கைப் பேச்சில் தொடங்கினால் முடிவு வராது, அளவில் தொடங்க வேண்டும் என்பதை நான் ஒரு தோட்டத்தில்தான் கற்றுக்கொண்டேன். அங்கே 14 வீட்டார் இரண்டாகப் பிரிந்து, ஒரு பந்தலில் சாவுச் சாப்பாடு கூடச் சாப்பிடாத நிலையில் இருந்தார்கள். நாங்கள் ஒரு ஞாயிறு காலை ஊற்றடிக்கே போனோம். மேட்டு லயத்து அண்ணன் ஒருவர் தன் வீட்டு 20 லீட்டர் வாளியைக் கொண்டுவந்து குழாயின் கீழ் வைத்தார். பணிய லயத்து அக்கா ஒருவர் கைத்தொலைபேசியில் நேரம் பார்த்தார். வாளி வழிந்தபோது சரியாக 4 நிமிடங்கள் ஆகியிருந்தன. நிமிடத்துக்கு 5 லீட்டர், மணிக்கு 300, ஒரு நாளைக்கு 7,200 லீட்டர் என்று குச்சியால் மண்ணில் எழுதிக் காட்டினேன். 14 வீடுகளுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 500 லீட்டருக்கு மேல் வந்தது. கொஞ்ச நேரம் எவரும் வாய் திறக்கவில்லை. அத்தனை நாளும் தண்ணீர் போதாமல் சண்டை நடக்கவில்லை. எல்லோரும் தூங்கும் நேரத்தில் ஓடி ஓடைக்குப் போன தண்ணீரைப் பிடித்து வைக்க ஒரு தாங்கி இல்லாததால்தான் சண்டை நடந்தது.

இரண்டு தாங்கிகளுக்கு வீட்டுக்கு வீடு பணம் சேர்த்தார்கள். திறப்பு பணிய லயத்தாரிடம் இருக்கட்டும் என்று நான் வற்புறுத்தினேன். தண்ணீருக்குக் கிட்ட இருப்பவர் கையிலேயே திறப்பும் இருந்தால், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் கீழே இருப்பவருக்குச் சந்தேகம் போகாது. மேட்டு லயத்தார் குழாயைத் திருப்புவதும் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் அன்று, நாளைக்கு இல்லாமல் போய்விடுமோ என்ற பயத்தால்தான். அந்தப் பயத்தைத் தாங்கி தீர்த்தது.

தாங்கிக்கு உதவி கேட்டுப் பிரதேச சபைக்கும் எழுதுங்கள். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களுக்குச் சேவை வழங்கத் தடையாக இருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டது. தோட்டத்துக்குச் செலவழிக்கச் சட்டம் இடம் தராது என்ற பழைய பதிலை இப்போது யாரும் உங்களுக்குச் சொல்ல முடியாது. இரண்டு லயத்தாரும் சேர்ந்து கையெழுத்திட்டு அனுப்பினால் அந்தக் கடிதத்துக்கு இருக்கும் பலமே வேறு.

நாவலப்பிட்டியிலிருந்து ஒருவர்: மரக்கறித் தோட்ட வேலியைப் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு அடி தள்ளிப் போட்டுவிட்டார். பொலிஸில் முறைப்பாடு செய்யவா, மத்தியஸ்த சபைக்குப் போகவா?

மத்தியஸ்த சபைக்குப் போங்கள். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த இந்தச் சபையில் மத்தியஸ்தர்கள் மூவர் உட்கார்ந்து இரு தரப்பையும் கேட்பார்கள். அங்கே சட்டத்தரணிகள் வாதாட முடியாது, தமிழிலேயே பேசலாம். தீர்ப்புச் சொல்வது எங்கள் வேலை அன்று, நீங்கள் இருவரும் ஒத்துக்கொள்ளும் முடிவுக்கு வழிகாட்டுவதே எங்கள் வேலை. ஒத்துவராவிட்டால் இணக்கம் ஏற்படவில்லை என்று சான்றிதழ் தருவோம். அதன் பின் நீதிமன்றம் போகலாம்.

லயத்து மண்ணுக்கு உங்கள் இருவர் கையிலும் உறுதி இல்லை என்பது இதில் ஒரு சிக்கல். மண் அரசுடையது, 1992 முதல் பெரும்பாலான தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்தில் இருக்கின்றன. ஆகவே யார் சொந்தக்காரர் என்று கேட்டால் இருவருமே தோற்பீர்கள். யார் எவ்வளவு காலம் எந்த இடத்தில் கத்தரி நட்டார் என்று பேசினால் முடிவு காணலாம்.

பெயரும் இடமும் வேண்டாம் என்று ஒரு சகோதரி: பக்கத்துக் காம்பராவில் அவர் மனைவியை அடிக்கிறார். குடும்ப விஷயத்தில் தலையிடக் கூடாது என்று என் கணவர் சொல்கிறார்.

தலையிடுங்கள். சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பது உங்களுக்குத்தான் முதலில் கேட்கிறது. உங்களை விட்டால் அந்த நேரத்தில் அவளுக்கு வேறு யாரும் இல்லை. நெருப்புப்பெட்டி கேட்பது போலவாவது போய்க் கதவைத் தட்டுங்கள்; தனியாகப் போகாமல் இன்னும் இரண்டு வீட்டாரைக் கூட்டிக்கொள்ளுங்கள். உயிராபத்து என்றால் 119க்கு அழையுங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, சிறுவர்களுக்கு 1929. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் அவள் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். தோட்டத் தலைவரைக் கூப்பிட்டுச் சமாதானம் பேசி, அடித்தவனிடமே அவளைத் திருப்பி அனுப்பிய பல பஞ்சாயத்துகளை நான் பார்த்திருக்கிறேன். அவற்றை நினைக்கும்போது இன்றும் மனம் வேகிறது.

பதுளையிலிருந்து ஓர் இளைஞர்: லயத்தை விட்டு 7 பேர்ச்சஸ் காணியில் தனி வீட்டுக்கு வந்து மூன்று வருடங்கள். வீடு நல்லது, ஆனால் யாரும் யார் வீட்டுக்கும் வருவதில்லை. அம்மா லயத்தையே நினைத்து அழுகிறார். நாங்கள் எதையோ இழந்துவிட்டோமா?

உங்கள் அம்மாவின் அழுகை எனக்கு நன்றாக விளங்குகிறது. ஆனாலும் லயத்தை யாராவது சொர்க்கமாக வர்ணித்தால் எனக்குக் கோபம் வரும். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் மூன்று தலைமுறை படுத்து எழும்பிய வாழ்க்கை அது. வயதுக்கு வந்த பெண் உடை மாற்ற, விடியுமுன் இருட்டில் எழும்ப வேண்டியிருந்தது. கூரையும் கதவும் உள்ள தனி வீடு எங்கள் சனத்துக்கு இவ்வளவு காலம் பிந்திக் கிடைத்ததே அநியாயம்.

ஆனாலும் இழப்பு உண்மைதான். கோப்பிக் காலத்திலிருந்தே கங்காணிகள் தங்கள் ஊராரையும் உறவினரையும் கூட்டமாகச் சேர்த்துக்கொண்டு வந்ததால், ஒரே லயத்தில் அடுத்தடுத்து இருந்தவர்கள் பலர் ஏற்கனவே மாமன், மச்சான், சின்னம்மா முறைக்காரர்கள். முறை இல்லாதவரையும் முறை வைத்துக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். அதே ஏற்பாடு சாதிக்கொரு லயம் என்ற பிரிவையும் காப்பாற்றி வைத்தது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஒன்றாகப் போனோம், ஒரே மலையில் கொழுந்து பறித்தோம், ஒரே பீலியில் குளித்தோம். காலையில் ஒரு வீட்டுக் கூரையில் புகை எழும்பாவிட்டால் அங்கே யாருக்கோ உடம்பு சரியில்லை என்று லயம் முழுவதும் தெரிந்துவிடும். போய்ப் பார்க்க வேண்டும் என்று யாரும் தீர்மானிக்க வேண்டியிருக்கவில்லை. கால் தானாகவே போனது. தனி வீட்டில் எரிவாயு அடுப்பு, தனிக் குழாய், தனி வாசல். அன்பு குறைந்துவிடவில்லை, ஆளை ஆள் காண வைத்த வேலைகள்தான் குறைந்துவிட்டன.

ஆகையால் ஒரு வேலையைப் பொதுவில் வையுங்கள். கூட்டம் போட்டுப் பேச வேண்டாம். மாதத்தில் ஒரு ஞாயிறு பாதைக்கும் வடிகானுக்கும் சிரமதானம் வையுங்கள், பின்னேரத்தில் ஒரு வீட்டு விறாந்தையில் எல்லா வீட்டுப் பிள்ளைகளையும் படிக்க உட்கார வையுங்கள். அம்மாவிடம் அந்தப் பிள்ளைகளுக்குத் தேத்தண்ணி ஊற்றும் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள்.

புசல்லாவையிலிருந்து ஓர் அம்மா: எங்கள் லயத்துக்குக் கீழே சிங்களக் கிராமம். முகம் பார்த்துச் சிரிப்போம், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. எப்படி நெருங்குவது?

இந்த இடைவெளி உங்கள் இரண்டு வீட்டார் உண்டாக்கியது அன்று. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டத்தின் மூலம் கண்டிக் கிராமத்தவர் பாவித்த காடுகளும் சேனைகளும் கோப்பித் துரைமாரின் கைக்குப் போயின; அந்த மண்ணில் வேலைக்கு எங்கள் முன்னோர் கொண்டுவரப்பட்டார்கள். அவர்கள் மண்ணை இழந்தார்கள். எங்களுக்கோ 1948இல் பிரஜாவுரிமையே இல்லாமல் போயிற்று. 1983 ஆடி மாதத்தில் லயங்களுக்கு நெருப்பு வைக்க வந்தவர்களும் இருந்தார்கள், தமிழ்க் குடும்பங்களைத் தங்கள் வீட்டில் ஒளித்து வைத்துச் சோறு போட்ட சிங்கள அயலவரும் இருந்தார்கள். இரண்டையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

நெருங்குவதற்குச் சாவு வீட்டை விட நல்ல வாசல் இல்லை. கிராமத்தில் மரணம் என்று வெள்ளைக்கொடி கண்டால் வெள்ளைச் சேலை உடுத்திக்கொண்டு போய் உட்காருங்கள். அதற்கு மொழி வேண்டியதில்லை. பொங்கலுக்கு ஒரு பாத்திரம் அனுப்புங்கள், வெசாக் நாளில் எல்லோருக்கும் இலவசமாக உணவு கொடுக்கும் தன்சலுக்குப் பிள்ளைகளோடு போங்கள். பன்றி இரண்டு பக்கத்துக் கிழங்கையும் தோண்டுகிறது, இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள். இவற்றைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பேச்சு நீளும்.

டிக்கோயாவிலிருந்து ஒருவர்: கொழும்பில் கடையில் வேலை செய்கிறேன். தோட்டத்து மரண உதவிச் சங்கத்துக்கு இன்னும் சந்தா கட்ட வேண்டுமா?

கட்டுங்கள். உங்கள் அப்பாவைத் தூக்க நாலு தோள் தோட்டத்தில்தான் இருக்கிறது.

ஹல்துமுல்லையிலிருந்து ஒருவர்: எங்கள் லயம் சரிவில் இருக்கிறது. மழை பெய்தால் இரவில் தூக்கமில்லை. அயலவராக நாங்கள் என்ன செய்யலாம்?

2014 ஒக்டோபர் 29 காலை, உங்களுக்குப் பக்கத்திலேயே கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போது பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்கள் பட்ட பாட்டை நாடே பார்த்தது. நிலத்தில் புது வெடிப்பு, மரமோ கம்பமோ சாய்தல், ஊற்று திடீரெனக் கலங்குதல் அல்லது வற்றுதல், கதவு நிலையில் இறுகுதல் ஆகியவற்றைக் கண்டவர் தன் வீட்டாரோடு மட்டும் வெளியேறாமல் லயம் முழுவதையும் எழுப்ப வேண்டும். 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைக் கடந்தால் விழித்திருங்கள். 150ஐ எட்டும் வரை காத்திருக்காமல் வெளியேறுங்கள். மழைமானி இல்லாவிட்டால், சுவர் நேரான ஒரு வாளியை வெட்டவெளியில் வைத்து அடிமட்டத்தால் அளந்து பார்க்கலாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

மழைக்காலம் தொடங்குமுன், யார் யாரை எழுப்புவது என்று ஒரு தாளில் எழுதிக் கோயில் சுவரில் ஒட்டுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் எழுப்ப வேண்டிய ஒரு வீடு இருக்கட்டும். காது கேளாதவர், நடக்க முடியாதவர், கைக்குழந்தை வைத்திருப்பவர் பெயருக்கு எதிரே தூக்கிக்கொண்டு வரப்போகும் இளைஞரின் பெயரும் இருக்கட்டும். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு வீட்டார் இருந்தால் அவர்களையே ஒருவருக்கொருவர் எழுப்பும்படி எழுதுங்கள். லயத்தின் கடைசியில், தொங்கல் காம்பராவில் தனியாக இருக்கும் பாட்டியின் பெயர் அந்தத் தாளில் முதலாவதாக வரட்டும்.