வலிப்பு வரும் நாயைத் தத்தெடுக்கலாமா?

கேள்வி: அக்கா, ஏற்காடு அடிவாரத்தில் வண்டியில் அடிபட்டுக் கிடந்த ஒரு பெண் நாயை, எங்களுக்குத் தெரிந்தவர்கள் மீட்டு மூன்று மாதமாக வைத்திருக்கிறார்கள். செவலை நிற நாட்டு நாய், இரண்டு வயது இருக்குமாம். அடிக்கடி வலிப்பு வந்ததால் மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். ஆயுசுக்கும் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால் யாரும் எடுக்க வரவில்லை. என் ஒன்பது வயது மகள் அதை விட்டுவர மாட்டேன் என்கிறாள். கணவருக்கு ஷிப்ட் வேலை. நான் வீட்டிலேயே கொலுசுக்குச் சலங்கை பற்றவைக்கிறேன். வலிப்பு பிள்ளைக்கு ஒட்டும், நாய்க்கு வெறி பிடித்தாலும் பிடிக்கும் என்று மாமியார் பயப்படுகிறார். எடுக்கலாமா?
– வாசகி, சிவதாபுரம், சேலம்

பதில்: எடுங்கள் தங்கச்சி. நான் இப்படிச் சொல்ல முக்கியமான காரணம், நீங்கள் வீட்டில் இருக்கிறீர்கள் என்பதுதான்.

முதலில் மாமியாரின் பயம். வலிப்பு மூளையில் வரும் கோளாறு, யாருக்கும் ஒட்டாது. இந்த நாய்க்குத் தலையில் பட்ட அடியாலும் வந்திருக்கலாம். வெறிநோயை நினைத்து அவர் பயப்படுவதில் தப்பே இல்லை, அதுவும் நரம்பைத் தாக்கும் நோய்தான். ஆனால் வெறிநோயின் அறிகுறி தெரிந்த நாய் பத்து நாளைத் தாண்டுவதே அரிது. இது மூன்று மாதமாக, வலிப்பு இல்லாத நேரமெல்லாம் நன்றாகச் சாப்பிட்டு விளையாடிக்கொண்டிருக்கிறது என்றால், அந்த வலிப்பு வெறியால் வந்ததல்ல. இருந்தாலும் வெறிநாய்த் தடுப்பூசி போட்ட அட்டையை உங்கள் கண்ணால் பார்த்துவிட்டு அழைத்து வாருங்கள்.

எங்கள் கருப்பனுக்கும் இதே நோய்தான். அவன் சாப்பிடுவது பீனோபார்பிட்டோன். பெரும்பாலும் கால்நடை மருத்துவர்கள் முதலில் எழுதுவதும் அதுதான். மாத்திரை ஒன்று சில ரூபாய்தான் ஆகும். ஆனால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுத்தாக வேண்டும். காலை ஏழு என்றால் மாலையும் ஏழு. கல்யாணம், காதுகுத்து, ஏற்காட்டில் மே மாதக் கோடை விழா, எங்கே போனாலும் அந்த ஏழு மணிக்கு வீட்டில் ஒரு கை வேண்டும். கணவரின் ஷிப்ட் வாராவாரம் மாறும். அவரை நம்பி இதை வைக்காதீர்கள். உங்கள் பொறுப்பாகவே வைத்துக்கொண்டு, மாமியாருக்கும் பழக்கிவிடுங்கள். இட்லித் துண்டுக்குள் வைத்துக் கொடுத்தால் கருப்பன் ஒரே வாயில் விழுங்கிவிடுவான்.

நன்றாகத்தானே இருக்கிறது என்று ஒருநாளும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் முன்பைவிடக் கடுமையான வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்து. மருத்துவர் சீட்டு இல்லாமல் கடையில் தர மாட்டார்கள். நாய்க்கு என்றதும் சில கடைக்காரர்கள் தயங்கவும் செய்வார்கள். ஒரே கடையில் பழக்கம் வைத்துக்கொண்டு, பத்து நாள் மாத்திரை கையிருப்பு இருக்கும்போதே அடுத்த அட்டையை வாங்கிவிடுங்கள்.

இனி உங்கள் பட்டறை. இதுதான் எனக்குக் கவலை. இந்த மாத்திரை சாப்பிடும் நாய்க்குத் தாகமும் பசியும் அதிகம். சிறுநீரும் அடிக்கடி போகும். ஆரம்பித்த முதல் இரண்டு வாரம் போதையில் இருப்பதுபோலத் தள்ளாடவும் செய்யும். தாகத்தில் எந்தப் பாத்திரத்தில் வாய் வைக்கும் என்று சொல்ல முடியாது. வெள்ளியை அலசும் ஆசிட் தொட்டி, தண்ணீர் வாளி பக்கத்திலேயே இருக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். பட்டறைக்குத் தனிக் கதவு இல்லையென்றால் இடுப்பளவுக்கு ஒரு தட்டி அடித்த பிறகே நாயைக் கொண்டுவர வேண்டும். கேஸ் விளக்கு எரியும்போது அது உங்கள் காலடியில் படுத்திருக்கவும் கூடாது. வலிப்பு சொல்லிக்கொண்டு வராது.

வலிப்பு வந்தால் கையில் சாவியும் இரும்பும் தேட வேண்டாம், வாயில் எதையும் திணிக்க வேண்டாம். நாக்கை விழுங்கிவிடாது, ஆனால் உங்கள் விரல் போய்விடும். சுற்றியிருக்கும் பொருள்களை நகர்த்தி, ஃபேன் போட்டு, கடிகாரத்தைப் பாருங்கள். முடிந்தால் மொபைலில் வீடியோ எடுங்கள். வாயால் விவரிப்பதைவிட அதுதான் மருத்துவருக்கு உதவும். பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடத்தில் நின்றுவிடும். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, ஒரே நாளில் இரண்டு மூன்று முறை வந்தாலோ உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அப்படி ஒரு நேரத்துக்கு ஆசனவாயில் செலுத்தும் டயஸிபாம் என்ற வலிப்பை அடக்கும் மருந்தை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு வையுங்கள். நின்ற பிறகு சிறிது நேரம் நாய்க்குக் கண் தெரியாததுபோல இருக்கும், ஆளும் புரியாது. அந்த நேரத்தில் பாசத்தில் பாப்பா போய்க் கட்டிப்பிடித்தால் பயத்தில் கடித்துவிடலாம். அது தானாக எழுந்து அவளிடம் வரட்டும். இதை அவளுக்கு இப்போதே சொல்லிப் புரியவையுங்கள்.

செலவு பெரும்பாலும் ரத்தப் பரிசோதனையில்தான். மாத்திரை ஆரம்பித்து இரண்டு மூன்று வாரத்தில் ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்ப்பார்கள். இது ஏற்கெனவே பார்த்தாயிற்றா என்று மீட்டவர்களிடம் கேளுங்கள். அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஈரல் பரிசோதனையோடு சேர்த்துப் பார்ப்பார்கள். 1985இல் தொடங்கிய நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி நமக்கு ஐம்பது கிலோமீட்டர்தான். நம் மாவட்டத்திலேயே ஆத்தூரைத் தாண்டித் தலைவாசலிலும் ஒரு கல்லூரி வந்துவிட்டது. எங்கே போனாலும் மீட்டவர்களிடம் உள்ள கேஸ் பேப்பர் முழுவதையும் கேட்டு வாங்கிக் கொண்டுபோங்கள்.

உண்ணிக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் ஐசாக்சசோலின் என்ற வகை உண்டு. அது சில நாய்களுக்கு வலிப்பைத் தூண்டலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2018இல் எச்சரித்திருக்கிறது. அதனால் உண்ணி மருந்து வாங்கும்போதெல்லாம் இந்த நாய்க்கு வலிப்பு இருப்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

இன்னொன்று. ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழா என்றால் ஊரெல்லாம் மேளமும் வெடியும்தான். பயமும் பதற்றமும் சில நாய்களுக்கு வலிப்பைக் கொண்டுவரும். புது வீடு, புது மனிதர்கள், அதோடு வெடிச் சத்தம் என்று மூன்றையும் ஒரே வாரத்தில் அதன் தலையில் சுமத்த வேண்டாம். திருவிழா முடியட்டும், அதுவரை பாப்பாவைக் கூட்டிக்கொண்டு மாலை ஏழு மணிக்கு அங்கே போய், உங்கள் கையாலேயே மாத்திரை கொடுத்துப் பழகுங்கள்.