மூணாவது வருஷமும் தோல்வி, கோச் வேலையை விடலாமா?

சார், மூணு வருஷமா காலேஜ் கூடைப்பந்து அணிக்குக் கோச், ஒரு கப் கூட இல்லை, கரஸ்பாண்டென்ட் முறைக்கிறார், ஸ்கூல் பி.இ.டி. வேலைக்குப் போயிடலாமான்னு கேட்டிருக்கீங்க. அவசரப்படாதீங்க.

அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்துக் கோச் மைக் ஷஷெஃப்ஸ்கி (வாயில நுழையாத பேரு, அங்கேயே 'கோச் கே'தான்) 1980-ல் சேர்ந்தார். மூணாவது சீசனில் 11 வெற்றி, 17 தோல்வி. கடைசி ஆட்டத்தில் வர்ஜீனியா பல்கலைக்கழக அணிகிட்ட 109-66னு உதை. அடுத்த சீசன் முதல் நாள் பயிற்சிக்குப் பசங்க வந்தா, ஸ்கோர்போர்டில் அதே 109-66 எரிஞ்சிட்டிருக்கு! அன்னிக்கு உதை வாங்கின முதலாண்டுப் பசங்கதான் 1986-ல் தேசியக் கல்லூரி சாம்பியன்ஷிப் இறுதிப்போட்டி வரை போனாங்க. முதல் கோப்பை 1991-ல்தான். 2022-ல் ஓய்வு பெறும்போது மொத்தம் அஞ்சு.

ஆனா ஒண்ணு. வெளியே எல்லாரும் 'தூக்குங்க'ன்னு கத்தினப்போ, விளையாட்டுத் துறைத் தலைவர் டாம் பட்டர்ஸ் 1984-ல் கோச் கே-யோட ஒப்பந்தத்தை நீட்டிச்சார். உங்க காலேஜில் அப்படி ஒருத்தர் இருக்காரா? அணியில் முதலாண்டு, இரண்டாமாண்டுப் பசங்க எத்தனை பேர்னு ஒரு தாளில் எழுதி எடுத்துட்டுப் போய், இன்னும் ரெண்டு வருஷம் அவகாசம் கேட்டுப் பாருங்க. முடியாதுன்னா அப்புறம் ஸ்கூலுக்கு அப்ளிகேஷன் போடுங்க.