காப்பகத்து நாய்களைப் படமெடுப்பது: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் காப்பகத்தில் ஒரு கறுப்பு நாய். எத்தனை படம் எடுத்தாலும் கரிக்கட்டை மாதிரி விழுகிறது. யாரும் தத்தெடுக்கக் கேட்பதில்லை.

பதில்: வெயிலில் எடுக்காதீர்கள். பின்னணி பளிச்சென்று இருந்தால் கேமரா அதற்குத்தான் கணக்குப் போடும், முகம் இருண்டுவிடும். நிழலான வராண்டாவில், வெளிச்சம் வரும் வாசலைப் பார்த்தபடி உட்கார வையுங்கள். நீங்கள் வாசல் பக்கம் தரையோடு தரையாகப் படுத்துக்கொள்ளுங்கள். போன் என்றால் திரையில் நாயின் முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். கண்ணுக்குள் வாசல் ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரிய வேண்டும். முழுக் கறுப்பு என்று நான் நினைத்திருந்த ஒரு கிழ நாய்க்குப் புருவத்தின் மேல் தேன் நிறத்தில் இரண்டு பொட்டு இருந்ததை, அப்படி எடுத்த படத்தில்தான் முதலில் பார்த்தேன்.

கேள்வி: பூ, துணியெல்லாம் போட்டு எடுப்பது தேவையா?

பதில்: காரணம் இருந்தால் தேவைதான். பிரான்சில் பிறந்த புகைப்படக் கலைஞர் சோஃபி காமான் 2014-இல் அமெரிக்கக் காப்பகங்களின் பிட்புல் நாய்களுக்குப் பூக்கிரீடம் சூட்டிப் படமெடுக்கத் தொடங்கினார். கடிநாய் என்று ஒதுக்கப்பட்ட முகத்தில் இருந்த சாந்தம் அப்போது தெரிந்தது. நம் நாட்டு நாயின் சிக்கல் வேறு. 'தெருவில் பார்ப்பதுதானே' என்று கடந்துவிடுகிறார்கள். அதனால் அதை வீட்டுக்குள் காட்டுங்கள்: பாயில் சுருண்டு தூங்குவது, அடுப்படி வாசலில் காத்திருப்பது. எதைப் போட்டாலும் காலால் பிறாண்டினால் உடனே கழற்றிவிடுங்கள்.

கேள்வி: காதில் இருக்கும் வெட்டை எடிட்டிங்கில் மறைக்கலாமா?

பதில்: கூடாது. அது கருத்தடை ஆனதற்கான அடையாளம். அப்போதே வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் போட்டிருப்பார்கள். படத்துக்குக் கீழே அதை எழுதுங்கள், தத்தெடுப்பவருக்கு நிம்மதி. ஊசியை மட்டும் காலாகாலத்தில் மறுபடி போட வேண்டும்.

கேள்வி: புண்ணோடு இருக்கும் படத்துக்குத்தான் பணம் வருகிறது. அதையே தத்துக்கும் போடலாமா?

பதில்: சிகிச்சைச் செலவுக்கு அந்தப் படம் சரி. தத்தெடுக்க வருகிறவர் பத்து வருஷம் கூட வாழப்போகும் முகத்தைத் தேடுகிறார். ஆறிய பிறகு புதிதாக எடுங்கள். மூன்று கால் நாய் என்றால் அதைத் தெளிவாகக் காட்டிவிடுங்கள். மறைத்துக் கொடுத்தால் திரும்ப வந்துவிடும். அந்த இரண்டாவது பிரிவை நாய் தாங்காது.

கேள்வி: கேமராவைக் கண்டாலே ஒளிகிறது.

பதில்: முதல் அரை மணி கேமராவை வெளியே எடுக்காமல் சும்மா பக்கத்தில் உட்காருங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். பிஸ்கட் பாக்கெட்டைக் கசக்கினால் தலை திரும்பும். காதைப் பின்னால் மடித்து, உதட்டை நக்கி, அடிக்கடி கொட்டாவி விட்டால் அது பயம். அன்றைக்கு நிறுத்திவிட்டு, அப்புறம் இன்னொரு நாள் போங்கள்.