கிரானில் மட்டும் காலியாக வரும் பாஸ்வேர்டு

கேள்வி: உபுண்டு சர்வரில் ஒரு பேக்கப் ஸ்கிரிப்ட். டெர்மினலில் ஒழுங்காக ஓடுகிறது. குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரானில் போட்டால் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு காலி. பாஸ்வேர்டை பாஷ்ஆர்சியின் (பாஷ் தொடங்கும்போது படிக்கும் அமைப்பு ஃபைல்) கடைசியில் எக்ஸ்போர்ட் செய்திருக்கிறேன். ஸ்கிரிப்ட்டின் தொடக்கத்தில் அந்த ஃபைலை சோர்ஸ் செய்தும், அதாவது அங்கேயே படிக்க வைத்தும், பலனில்லை. ஏன்?

பதில்: கிரான் உங்கள் லாகின் ஷெல் (நீங்கள் உள்நுழைந்ததும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) வழியாக வருவதில்லை. ஹோம், லாக்நேம், ஷெல், குட்டியாக ஒரு பாத் (கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியல்), இவ்வளவுதான் அதன் கையிருப்பு. சோர்ஸ் செய்தும் வராததற்குக் காரணம் பாஷ்ஆர்சியின் தலைப்பகுதியில் இருக்கிறது. ஷெல் இன்டராக்டிவ் (ஆள் உட்கார்ந்து தட்டச்சு செய்வது) இல்லையென்றால் அங்கேயே ரிட்டர்ன் ஆகச் சொல்லும் வரிகளை உபுண்டுவே எழுதி வைத்திருக்கிறது. உங்கள் எக்ஸ்போர்ட் வரைக்கும் கிரான் போவதே இல்லை.

அந்த வரிகளை அழிக்க வேண்டாம். பாஸ்வேர்டைத் தனி ஃபைலுக்கு மாற்றி, சிஎச்மாட் 600 கொடுங்கள், உரிமையாளர் மட்டும் படிக்கவும் எழுதவும் முடியும். ஸ்கிரிப்ட்டில் முதலில் ‘செட் -ஏ’. அடுத்த வரியில் ஒரு புள்ளி, இடைவெளி, ஃபைலின் முழுப் பாதை. அதன்பின் ‘செட் +ஏ’. இடையில் வரும் மாறிகள் எல்லாம் தானாக எக்ஸ்போர்ட் ஆகிவிடும். இல்லாவிட்டால் மதிப்பு ஸ்கிரிப்ட்டுக்குள்ளேயே நின்றுவிடும், அது கூப்பிடும், டேட்டாபேஸை நகலெடுக்கும் டம்ப் கட்டளைக்குப் போகாது. சோர்ஸ் என்று எழுதாமல் புள்ளி வைக்கச் சொல்வது ஏனென்றால், உபுண்டுவில் எஸ்எச் என்பது பாஷ் அல்ல, டேஷ் என்ற வேறொரு ஷெல். அதற்கு சோர்ஸ் தெரியாது.

சமக்குறிக்கு இருபுறமும் இடைவெளி கூடாது. டாலர் குறியோ இடைவெளியோ உள்ள பாஸ்வேர்டுக்கு ஒற்றை மேற்கோள் போடுங்கள். ஃபைலை விண்டோஸில் தட்டச்சு செய்திருந்தால் வரிக் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டு வரும். பாஸ்வேர்டு சரியாகத் தெரியும், சர்வர் மட்டும் மறுக்கும். டாஸ்2யூனிக்ஸ் ஓட்டினால் போய்விடும்.

கேள்வி: ஓடிக்கொண்டிருக்கும் ஸ்கிரிப்ட்டுக்குப் புது மதிப்பைக் கொடுக்க வேறொரு டெர்மினலில் எக்ஸ்போர்ட் செய்தேன். ஏறவில்லையே?

பதில்: ஏறாது. பிராசஸ் கிளம்பும்போது வாங்கிக்கொண்ட நகல்தான் அதற்கு. ஸ்கிரிப்ட்டே ஃபைலை மறுபடி படிக்க வேண்டும். தொடக்கத்திலேயே ஹெச்யுபி சிக்னலுக்கு ஒரு ட்ராப் (சிக்னல் வந்தால் ஓட வேண்டிய கட்டளைகள்) வைத்து, மேலே சொன்ன மூன்று வரிகளை அதில் போடுங்கள். பிறகு ஃபைலைத் திருத்தி, ‘கில் -ஹெச்யுபி’யோடு பிராசஸ் எண்ணைக் கொடுத்தால் போதும். ட்ராப் இல்லாத ஸ்கிரிப்ட்டுக்கு இதை அனுப்பினால் அது செத்துப்போகும். ‘ஸ்லீப் 300’ நடுவில் இருந்தால் அது முடிந்த பிறகே பாஷ் ட்ராப்பைக் கவனிக்கும். ஸ்லீப்பைப் பின்னணியில் விட்டு அடுத்த வரியில் ‘வெயிட்’ போட்டால் உடனே நடக்கும்.