சங்கப் பாடல்களில் காதல் ஏக்கத்துக்குக் கடற்கரை ஏன் பின்னணியாகிறது?

காதலைப் பாடும் அகப்பொருள் மரபு ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு காதல் நிலையை உரியதாக்கியது. கடல் சார்ந்த நெய்தலுக்கு வாய்த்தது இரங்கல், அதாவது பிரிவால் வருந்துதல். கடலுக்குச் சென்றவர் திரும்புவது உறுதியில்லாத கரையில், அலை ஓயாது ஒலிக்க, காத்திருப்பவளின் ஏக்கம் இயல்பாகவே பொருந்திவிடுகிறது. ஆயினும் நிலக்காட்சியைவிட உணர்வே முதன்மையானது என்பது என் கருத்து. குறுந்தொகையின் 6ஆம் பாடலில் பதுமனார் கடலையோ மணலையோ குறிப்பிடவேயில்லை. நள்ளிரவில் மக்கள் பேச்சடங்கி உறங்க, அகன்ற உலகமும் துயில, தான் ஒருத்தி மட்டும் உறங்கவில்லை என்று தலைவி சொல்வதே அந்த நான்கு அடிகளின் முழுப்பொருள். இருந்தும் அது நெய்தல் பாட்டாகவே கொள்ளப்படுகிறது. இயற்கை அவள் துயரில் பங்குகொள்ளாமல், அவளைப் பொருட்படுத்தாமலே உறங்குவதுதான் அத்தனிமையைக் கூர்மையாக்குகிறது.