விளையாடுகிற பிள்ளைக்கு விளம்பரக் காசு: வாசகர் கேள்வி, நம் பதில்

போன இதழில், அமெரிக்கக் கல்லூரிகளில் விளையாடும் பிள்ளைகள் இப்போது விளம்பரத்தில் நடித்துச் சம்பாதிக்கலாம் என்று நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. முக்கியமான ஐந்து கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

படிக்கப் போன இடத்தில் எதற்குக் காசு? படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் இலவசமாகக் கொடுக்கிறார்களே, அது போதாதா? திடீரென்று இப்போது என்ன மாறியது?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், மதுரை

ஐயா, அந்தச் சாப்பாட்டிலிருந்தே தொடங்குகிறேன். 2014-இல் கனெக்டிகட் பல்கலைக்கழகம் கூடைப்பந்தில் தேசிய சாம்பியன் ஆனது. டெக்சஸில் நடந்த இறுதிப் போட்டியை 79,000 பேருக்கு மேல் நேரில் பார்த்தார்கள். அந்த அணியின் நட்சத்திரம் ஷபாஸ் நேப்பியர். சில ராத்திரி பசியோடு படுத்திருக்கிறேன், சாப்பிடக் கையில் காசு இருக்காது என்று அந்தச் சமயத்தில்தான் நிருபர்களிடம் வெளிப்படையாகச் சொன்னார். அவருடைய எண் போட்ட சட்டை கடையில் விற்கிறது, அவருடைய ஆட்டத்தைத் தொலைக்காட்சி விற்கிறது, அவர் பசியோடு தூங்குகிறார். அதன் பிறகுதான் வீரர்களுக்கு அளவில்லாமல் உணவு தரலாம் என்று கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு விதியை மாற்றியது. யோசித்துப் பாருங்கள், வயிறாரச் சோறு போடவே ஒரு விதி மாற வேண்டியிருந்தது!

"மாணவ விளையாட்டு வீரர்" என்ற சொல்லையே 1950-களில் அந்த அமைப்பு உருவாக்கியதற்குக் காரணம் உண்டு. வீரர்களை ஊழியர் என்று சொல்லிவிட்டால் அடிபட்டால் இழப்பீடு தர வேண்டும். 1955-இல் கொலராடோவில் ஒரு கல்லூரி ஃபுட்பால் ஆட்டத்தில் (நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் ஏந்தி மோதி ஆடும் அமெரிக்க ஆட்டம்) தலையில் அடிபட்டு ஒருவர் இறந்தார். அவருடைய மனைவி இழப்பீடு கேட்டுப் போனார். இறந்தவர் ஊழியர் இல்லை என்று 1957-இல் மாநில உச்ச நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. அந்தப் பெண்ணை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

அப்புறம் வந்தவர் எட் ஓ'பேனன், 1995-இல் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணிக்குக் கோப்பை வாங்கித் தந்தவர். பல வருடம் கழித்து ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தபோது, அங்கே பையன் விளையாடிக்கொண்டிருந்த வீடியோ கேமில் தன்னையே பார்த்தார். அதே 31-ஆம் எண், அதே இடதுகை, அதே உடல்வாகு. பெயர் மட்டும் இல்லை, காசும் இல்லை. 2009-இல் வழக்குப் போட்டார். 2019-இல் கலிபோர்னியா, வீரர்கள் தங்கள் பெயரால் சம்பாதிப்பதைத் தடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. 2021 ஜூன் மாதம் ஆல்ஸ்டன் வழக்கில், படிப்பு சம்பந்தமான சலுகைகளுக்கு உச்சவரம்பு வைக்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள். அது விளம்பரத்தைப் பற்றிய தீர்ப்பு இல்லை, ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. பத்தே நாளில், 2021 ஜூலை 1 அன்று, கதவு திறந்தது. பெயர், படம், சாயல் மூன்றையும் வீரரே விற்றுக்கொள்ளலாம். இதைத்தான் சுருக்கமாக என்.ஐ.எல். என்கிறார்கள்.

ஓ'பேனன் வழக்கோடு நின்றுபோன கல்லூரி ஃபுட்பால் வீடியோ கேம் 2024-இல் திரும்ப வந்தபோது, சம்மதித்த ஒவ்வொரு வீரருக்கும் 600 டாலரும் அந்த கேமும் கொடுத்தார்கள். பெரிய தொகை இல்லைதான். ஆனால் கேட்டு, கையெழுத்து வாங்கி, கொடுத்தார்கள்.

இதெல்லாம் நாலைந்து நட்சத்திரங்களுக்கு மட்டும்தானே? சாதாரண வீரருக்கு என்ன கிடைக்கும்?
– கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

பெரும்பாலும் கொஞ்சம்தான் தம்பி. ஊர் உணவகத்தில் இலவச பீட்சா, ஒரு ஜோடி ஷூ, ஒரு இன்ஸ்டாகிராம் பதிவுக்குச் சில நூறு டாலர். ஆனால் யாருக்கு எப்போது அடிக்கும் என்று சொல்ல முடியாது. நெப்ராஸ்கா ஃபுட்பால் அணியில் ஒரு பையன் சேர்ந்தான், அவன் பெயர் டிகோல்டஸ்ட் க்ராஃபர்ட். 'குளிரிலும் குளிர்' என்று அர்த்தம் வருகிற பெயர். அந்த ஊர்ப்பக்க ஏ.சி. நிறுவனம் ஒன்று 2022-இல் அவனைப் பிடித்து விளம்பரம் எடுத்தது. ஒரு ஆட்டம்கூட ஆடாமலே ஊர் முழுக்கத் தெரிந்தவனாகிவிட்டான். பழைய விதி இருந்திருந்தால் பெற்றோர் வைத்த பெயரை வைத்து அவன் ஒரு டாலர்கூடச் சம்பாதித்திருக்க முடியாது.

பெண்கள் விஷயத்தில்தான் எனக்கு நிஜமான சந்தோஷம். முதல் நாளே ஒப்பந்தம் போட்டவர்களில் ஃப்ரெஸ்னோ ஸ்டேட் கூடைப்பந்து அணியின் இரட்டைச் சகோதரிகள் இருந்தார்கள். அயோவாவில் ஆடிய கெய்ட்லின் கிளார்க் கல்லூரியில் இருக்கும்போதே நைக்கி, கேட்டரேட் போன்ற நிறுவனங்களோடு கைகோத்தார். தொழில்முறை லீகுக்குப் போன முதல் வருடம், 2024-இல், அவருடைய சம்பளம் 76,535 டாலர். விளம்பரத்தில் வந்ததோடு பார்த்தால் அது சில்லறை. பெண்களுக்குத் தொழில்முறைச் சம்பளம் குறைவு என்பதால், கல்லூரிக் காலம்தான் பலருக்கு நல்ல வருமானம் தரும் காலம். அதைத் தடுத்து வைத்திருந்தது எவ்வளவு பெரிய அநியாயம்.

காசு வந்தது சரி, பள்ளி கல்லூரிகளின் கதி என்ன? பணக்காரக் கல்லூரி எல்லாரையும் இழுத்துக்கொண்டு போய்விடாதா?
– உடற்கல்வி ஆசிரியர், சேலம்

இழுத்துக்கொண்டுதான் போகிறது சார், மறைக்க ஒன்றுமில்லை. விளம்பரம் என்று தொடங்கினாலும் சீக்கிரமே அது வேறு உருவம் எடுத்துவிட்டது. பழைய மாணவர்களும் ஊர்ப் பணக்காரர்களும் சேர்ந்து 'கலெக்டிவ்' என்று நிதிக் குழு அமைத்தார்கள். பெயருக்கு ஒரு ஆட்டோகிராஃப் நிகழ்ச்சி, உண்மையில் அந்தப் பையன் நம்ம அணிக்கு வருவதற்கான விலை. அதே 2021-இல்தான் ஒரு வருடம் உட்கார வைக்காமல் வேறு கல்லூரிக்கு மாறலாம் என்ற விதியும் வந்தது. இரண்டும் ஒரே சமயத்தில் வந்ததால், சின்னக் கல்லூரி இரண்டு வருடம் உழைத்து ஒருவனைத் தயார் செய்தால் மூன்றாம் வருடம் பெரிய கல்லூரி வந்து தூக்கிக்கொண்டு போகிறது.

பென்சில்வேனியாவில் செயின்ட் ஃபிரான்சிஸ் என்று ஒரு சின்னப் பல்கலைக்கழகம். 2025 மார்ச்சில் அதன் கூடைப்பந்து அணி தேசியப் போட்டிக்குள் நுழைந்தது, அவர்களுக்கெல்லாம் வாழ்நாள் கனவு அது. முதல் ஆட்டத்தில் அலபாமா ஸ்டேட்டிடம் இரண்டே புள்ளியில், 68-70 என்று தோற்றார்கள். சரியாக ஒரு வாரத்தில், முதல் பிரிவை விட்டு விளையாட்டு உதவித்தொகையே இல்லாத மூன்றாம் பிரிவுக்குப் போகிறோம் என்று நிர்வாகம் அறிவித்தது. காசு கொடுத்து ஆட வைப்பது, வீரர்கள் மாறிக்கொண்டே இருப்பது, இந்தச் சூழலில் எங்களால் ஈடுகொடுக்க முடியாது என்றார்கள். அந்தப் பிள்ளைகள் போட்டியிலிருந்து ஊர் திரும்பிப் பையைப் பிரித்திருப்பார்களா என்றுகூடத் தெரியாது.

2025 ஜூன் 6 அன்று, கல்லூரி வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மேல் போட்ட 'ஹவுஸ்' வழக்கில் நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் கொடுத்த சமரசம் இதை இன்னும் பெரிதாக்கியது. பழைய வீரர்களுக்கு நிலுவையாகச் சுமார் 280 கோடி டாலர், பத்து வருடத்தில். அதோடு கல்லூரியே நேரடியாக வீரர்களுக்குப் பணம் தரலாம், முதல் வருடம் ஒரு கல்லூரிக்கு அதிகபட்சம் 2.05 கோடி டாலர். வெளியாரோடு போடும் 600 டாலரோ அதற்கு மேலோ உள்ள ஒப்பந்தங்களைத் தெரியப்படுத்த வேண்டும், அது நிஜமான விளம்பரம்தானா என்று சோதிப்பார்கள்.

இந்த 2.05 கோடி எங்கிருந்து வரும்? டென்னசி பல்கலைக்கழகம் ஃபுட்பால் டிக்கெட்டோடு 10 சதவீதம் 'திறமைக் கட்டணம்' சேர்த்தது. கலிபோர்னியாவின் கால் பாலி பல்கலைக்கழகம் 2025 மார்ச்சில் நீச்சல் அணியையே கலைத்தது, சொன்ன காரணங்களில் ஒன்று இந்தச் சமரசம். அந்த வழக்குக்குப் பெயர் கொடுத்த கிராண்ட் ஹவுஸே ஒரு நீச்சல் வீரர் என்பதை நினைத்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. பல கல்லூரிகள் பணத்தில் முக்கால் பங்கை ஆண்கள் ஃபுட்பாலுக்கே ஒதுக்கத் திட்டமிட்டன. நிலுவைத் தொகையைப் பங்கிட்ட விதமும் பெண்களுக்குச் சம உரிமை தரும் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு விரோதம் என்று சில வீராங்கனைகள் மேல்முறையீடு செய்தார்கள்.

ஆனால் ஒன்றைச் சொல்கிறேன். நீச்சல் குளத்தை மூடியது வீரனுக்குப் போன காசு என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். அலபாமாவின் ஃபுட்பால் பயிற்சியாளராக இருந்த நிக் சேபன் வருடத்துக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் வாங்கியபோது யாரும் நீச்சல் குளத்தை நினைத்து அழவில்லை. எதை வெட்டுவது என்று முடிவெடுப்பது நிர்வாகம். பழியைப் பத்தொன்பது வயசுப் பிள்ளை மேல் போடாதீர்கள்.

என் மகள் பதினொன்றாம் வகுப்பு, டென்னிஸ் ஆடுகிறாள், இங்கேயே பிறந்தவள். கல்லூரிகள் இப்போதே பேசுகிறார்கள். பெற்றோராக எதில் கவனமாக இருக்க வேண்டும்?
– ஒரு அம்மா, பிளேனோ, டெக்சஸ்

வாய்வார்த்தையை நம்பாதீர்கள் அம்மா, முதலும் முக்கியமும் அதுதான். 2024 செப்டம்பரில் லாஸ் வேகஸ் கல்லூரி ஃபுட்பால் அணியின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) மேத்யூ ஸ்லூக்கா, மூன்று ஆட்டமும் ஜெயித்திருந்த நேரத்தில் பாதியில் அணியை விட்டு வெளியேறினார். சேரும்போது ஒரு லட்சம் டாலர் தருவதாகச் சொன்னார்கள், தரவில்லை என்றது அவர் தரப்பு. அப்படி முறையான ஒப்பந்தமே இல்லை என்றது மறுதரப்பு. எழுத்தில் இருந்திருந்தால் இந்தச் சண்டைக்கே இடமில்லை.

ஒப்பந்தத்தில் கால அளவைப் பாருங்கள். படிப்பு முடிந்த பிறகும் அவளுடைய படத்தை அவர்களே வைத்துக்கொள்ளும்படி ஒரு வரி இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். எதிர்கால வருமானத்தில் பங்கு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். வக்கீலுக்குச் செலவாகும் சில நூறு டாலரைப் பார்க்காதீர்கள். அப்புறம் வரி. இந்தப் பணத்தில் பெரும்பாலும் யாரும் வரி பிடித்துத் தர மாட்டார்கள், சுயதொழில் வருமானமாகக் கணக்கு வரும், வருமான வரி போக 15.3 சதவீத சுயதொழில் வரியும் உண்டு. வந்ததில் மூன்றில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போட்டுத் தொடாமல் வையுங்கள். அரசு கல்வி உதவி வாங்குவதாக இருந்தால் இந்த வருமானம் அதையும் பாதிக்கலாம்.

டென்னிஸ் என்பதால் இன்னொன்று. அந்தக் கல்லூரி எந்த விளையாட்டையெல்லாம் அடுத்த நாலு வருடம் நடத்தப் போகிறது என்று பயிற்சியாளரிடம் நேராகக் கேளுங்கள். தயங்கினால் அந்தத் தயக்கமே பதில்.

என் மகன் நீளம் தாண்டுதலில் உதவித்தொகை கிடைத்து அமெரிக்கா போகிறான். அவனும் இப்படிச் சம்பாதிக்கலாமா?
– தஞ்சாவூர் வாசகர்

இப்போதைக்கு வேண்டாம். மாணவர் விசாவான எஃப்-1-இல் போகிறவர் கல்லூரி வளாகத்துக்கு வெளியே அனுமதியில்லாமல் வேலை செய்யக் கூடாது, வளாகத்துக்குள்ளும் படிப்பு நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம்தான். விளம்பரத்தில் நிற்பதும் வேலைதான் என்று எடுத்துக்கொண்டால் விசாவே போகும். என்.சி.ஏ.ஏ. அனுமதித்தாலும் குடிநுழைவுச் சட்டம் மாறவில்லை. கென்டக்கியில் ஆடிய காங்கோ நாட்டு வீரர் ஆஸ்கர் ஷிப்வே, 2022-இல் அணி பஹாமாஸ் தீவுக்கு ஆடப் போனபோது அங்கே வைத்து விளம்பர வேலைகளை முடித்தார், அமெரிக்க மண்ணில் செய்ய முடியாது என்பதால். அவருக்குப் பின்னால் வக்கீல்கள் இருந்தார்கள், உங்கள் மகனுக்கு இருக்க மாட்டார்கள்.

சக வீரன் ஷூ கம்பெனிக்குப் பதிவு போட்டு ஐநூறு டாலர் வாங்கினான், நீயும் போடு என்று யாராவது சொல்வார்கள். பையன் போய்ச் சேர்ந்த முதல் வாரமே கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்குப் போய், எது கூடும் எது கூடாது என்று மின்னஞ்சலில் கேட்டு, அவர்கள் தரும் பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதுவரை இலவசச் சட்டை கொடுத்தால்கூடப் படம் எடுத்துப் போட வேண்டாம்.